பொம்மையின் இடது கை

"என் கதையில கை வைக்கிறதுக்கு அவன் யாரு?"

கேமரா அறைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக டைரக்டர் குதித்தார்.

அவர் படத்தை வைத்துப் படகு ரைடு கட்டியிருந்த கேளிக்கைப் பூங்காவின் மேனேஜர், மேஜை மேல் கிடந்ததைக் காட்டினார். துவைத்துத் துவைத்து வெளுத்துப்போன ஒரு பழைய துண்டு. இறுக்கமாகச் சுருட்டி, நடுவில் நாடா கட்டியிருந்தது.

"கடைசி அறையில அப்பா பொம்மை நிக்குதில்ல சார், அதோட இடது கையில யாரோ இதை வச்சிட்டுப் போறாங்க. நாங்க எடுக்க எடுக்க மறுபடி புதுசா ஒண்ணு வருது. அதான் இன்னைக்கு அங்க ஒரு கேமராவும் மைக்கும் மாட்டிட்டு உங்களை வரச் சொன்னேன்."

"படத்துல அந்தக் கை வெறும் கை. இங்கயும் வெறும் கையாத்தான் இருக்கணும்!"

"இதுக்குத்தான் சார் நான் அன்னைக்கே சொன்னேன். ரைடுக்கு வர்றவனுக்குக் கதை எதுக்கு? நாலு குலுக்கு குலுக்கி, மூஞ்சியில தண்ணி அடிச்சு அனுப்பிடுவோம்னேன். நீங்கதான் படத்துல இருக்கிற மாதிரியே வேணும்னு ஒத்தக் கால்ல நின்னீங்க."

நின்றது உண்மைதான். முக்கியமாகக் கடைசிக் காட்சிக்காக. வெள்ளம் அம்மாவை அடித்துக்கொண்டு போகிறது. அப்பா அவள் கையை விட்டுவிட்டுத் தான் மட்டும் கரையேறுகிறார். அந்த இடத்தில் படகு கொஞ்ச நேரம் நிற்க வேண்டும், பொம்மை விரல்களை விரித்து அவளை விடுவதை எல்லோரும் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்று டைரக்டர் அடம்பிடித்துச் சாதித்துக்கொண்டார்.

பார்த்தவர்கள், "இவனெல்லாம் ஒரு மனுஷனா?" என்று திட்டிக்கொண்டே இறங்கினார்கள். பொம்மை மேல் துப்பியவர்களும் உண்டு. டைரக்டருக்கு அதில் ஏகப் பெருமை.

இருக்காதா பின்னே? அது அவருடைய சொந்தக் கதை. அவர் கைக்குழந்தையாகப் பக்கத்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தபோது நடந்ததாம். விவரம் தெரிந்த வயதில், அம்மா எப்படிச் செத்தாள் என்று கேட்டதற்கு, "கையை விட்டுட்டேன்பா" என்றார் அப்பா. அதற்கு மேல் பேசவில்லை. அந்த ஒரு வரியை வைத்துத்தான் மகன் படமே எடுத்தார். எடுக்கலாமா என்று அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பாவும் படம் பார்க்க வரவில்லை. "தியேட்டர் இருட்டு எனக்கு ஆகாதுப்பா" என்று நழுவிவிட்டார்.

"சார், சார்! ஆள் மாட்டிக்கிட்டான்!"

மேனேஜர் திரையைத் தட்டினார்.

கடைசி அறையில் படகு நின்றிருந்தது. பின்வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்த கிழவர் ஒருவர் தட்டுத்தடுமாறி எழுந்தார். பைக்குள்ளிருந்து இன்னொரு துண்டுச் சுருளை எடுத்து, எக்கி, பொம்மையின் இடது கையில் வைத்தார். அதோடு விடவில்லை. அது நழுவிவிடாதபடி பொம்மையின் கையை நெஞ்சோடு சேர்த்து அழுத்தினார்.

மேனேஜர் ஒரு பொத்தானை அழுத்த, படகு அங்கேயே நின்றுவிட்டது.

டைரக்டருக்கு அந்த முதுகைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தினமும் வீட்டில் பார்க்கிற முதுகுதான். அப்பா.

"என்ன சார் சிலை மாதிரி நிக்கிறீங்க? தெரிஞ்சவரா?"

கேமரா அறையில் இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். பேட்டிக்குப் பேட்டி தான் சொன்ன அந்த அப்பா, இப்படித் திருடன் மாதிரி மாட்டிக்கொண்டு நிற்கிறாரே என்று டைரக்டருக்கு மானம் போனது.

"இல்ல. யாரோ" என்றார்.

சொன்ன பிறகுதான் சுருக்கென்றது. பெற்றவரை யாரோ என்று சொல்ல வாய் எப்படி வந்தது?

திரையில், படகை இயக்கும் பெண் ஓரமாக ஓடிவந்தாள். இருவர் பேச்சும் தெளிவாகக் கேட்டது.

"என்ன தாத்தா இது? தண்ணியில விழுந்து வச்சா யாரு பதில் சொல்றது? எதுக்கு உங்களுக்கு இந்த வேலை?"

"தப்புதாம்மா. படம்னா எட்டாது. இங்க கையை நீட்டினா எட்டுது. அதான்..."

"ஊரே துப்புற பொம்மைக்குப் போய் இரக்கப்படுறீங்களா?"

"துப்பட்டும்மா. நான் கையை விட்டது நிஜந்தானே. அந்த இடது கை சும்மா தொங்குது பாரு, அதைத்தான் பார்க்க முடியல. சும்மா இருந்திருந்தா ரெண்டு கையாலயும் அவளைப் பிடிச்சிருப்பேனே."

அந்தப் பெண் துண்டுச் சுருளைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அவள் குரல் இறங்கியது.

"அப்போ அந்தக் கையில என்ன இருந்துச்சு?"

"குழந்தை."

"படத்துல குழந்தை பக்கத்து வீட்டுலல்ல தூங்கிட்டிருந்துச்சு?"

"அப்படிச் சொல்லித்தாம்மா வளர்த்தேன்."

மேனேஜர் டைரக்டரின் முகத்தைப் பார்க்காமலிருக்கப் படாத பாடு பட்டார். டைரக்டர் தலை குனிந்தவர் குனிந்தவர்தான். 'யாரோ' என்று தான் சொன்னது இன்னும் அந்த அறைக்குள்ளேயே இருப்பது போலிருந்தது அவருக்கு.

"தாத்தா, டைரக்டர் மேலதான் இருக்கார். வாங்க, நானே சொல்றேன். பொம்மையை மாத்தச் சொல்லுவோம்."

கிழவர் பதறிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்மா. அப்பாவாலதான் அம்மா போனான்னு நினைச்சுக்கிட்டு அவன் நிம்மதியா இருக்கான். தன்னாலன்னு தெரிஞ்சா தாங்க மாட்டான்."