சம்பந்தப்பட்டவர்கள்

"செத்த மீனைக் கண்டா ஆத்தோரமா மேல நட..."

பால்ட்ஸரின் அப்பா இதே பள்ளிக்கூட ஹாலில் எழுந்து நின்று சொன்னது. அதற்கு இன்னொரு பாதி உண்டு. அது யாருக்கும் நினைவில்லை, மகனுக்கும்.

"நான் நடந்தேன்," என்றார் பால்ட்ஸர். ஊர்க்கூட்டம் மொத்தமும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. "பாலத்துக்குக் கீழ கரை முழுக்க ட்ரவுட் மீன் வெள்ளை வயித்தைக் காட்டிக்கிட்டுக் கிடக்கு. அங்கேயிருந்து மேல நடந்தேன். எங்க போய் நின்னேன் தெரியுமா? கழிவுநீர் நிலையத்துக் குழாய்ல. அதைப் பாத்துக்கிற நம்ம ஆந்த்ரி வாசல்ல."

மேசைகளைத் தட்டினார்கள்.

பால்ட்ஸர் மீன்பிடிப்போர் சங்கத் தலைவர். மேல்தெருப் பெரிய ஹோட்டலும் அவருடையதுதான். பனிச்சறுக்கு சீசன் முடிந்து ஹோட்டலைப் பூட்டியாயிற்று. அடுத்த வாரம் தூண்டில் திருவிழா. இனி ஆற்றில் எதைப் பிடிப்பது என்று கேட்டார். சுவிஸ் பனிமலையிலிருந்து பளிங்காக இறங்குகிற ‘இன்’ என்ற நம் ஆற்றில் சாக்கடையைக் கலந்து எல்லைக்கு அப்பால் ஆஸ்திரியாக்காரனுக்கு அனுப்புகிறோமே, வெட்கமாக இல்லையா என்று கேட்டார். அவர் குரல் நடுங்கியது. அது நடிப்பில்லை.

கறிக்கடைக்காரர் தன் பங்குக்கு, ஆந்த்ரி பகலில் தூங்குகிறார் என்றார். பாலாடைக்கட்டிக் கடைக்காரி, தூங்கினால்கூடப் பரவாயில்லை, ஒரு வணக்கம் சொல்லக் காசா கேட்கிறோம் என்றாள்.

ஆந்த்ரி எழுந்தார். பாக்கெட்டில் விட்ட கையை எடுக்கவில்லை.

"தொட்டியில இருக்கிற நுண்ணுயிருங்கதான் என் மாடுங்க. உங்க அழுக்கைத் தின்னு தண்ணியைத் தெளிய வைக்கிறது அதுங்கதான், நான் இல்லை. யாரோ மருந்தைத் திறந்துவிட்டு மந்தையையே கொன்னுட்டாங்க. மேல்தெருச் சாக்கடை மூடியைத் தூக்கினா குளோரின் நெடி."

"யாரு திறந்துவிட்டது?"

"நெடியில பேரா எழுதியிருக்கும்?"

"அப்போ உன் மூக்கைத் தவிர வேற சாட்சி இல்லை," என்றார் பால்ட்ஸர். "மலையில மாடு செத்தா யாரைக் கேப்போம்? மேய்க்கப் போனவனைத்தான் கேப்போம்."

ஹால் சிரித்தது. ஆந்த்ரி உட்கார்ந்துவிட்டார்.

தீர்மானம் பால்ட்ஸர் கொண்டுவந்ததுதான்: ஆந்த்ரியை வேலையிலிருந்து நீக்க வேண்டும். வேலை போனால் நிலையத்தை ஒட்டிய வீடும் போகும். ஆந்த்ரியின் மனைவி கையுறைகளை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஊர்த் தலைவி உர்சினா மணியை அடித்தார்.

"கை தூக்குறதுக்கு முன்னாடி, சம்பந்தப்பட்டவங்க எல்லாரும் வெளிய போயிடுங்க."

எந்த வாக்கெடுப்புக்கும் அப்படித்தான். தன் வழக்கில் தானே கை தூக்கக் கூடாது. போன வருஷம் வேலித் தகராறில் பாதிரியாரே வெளியே போய் மழையில் நின்றார்.

ஆந்த்ரி போனார். மனைவி போனாள். தம்பியும் போனான், கதவை ஓங்கிச் சாத்திவிட்டு.

பால்ட்ஸர் கையைத் தயாராக வைத்திருந்தார். அந்த நெடிதான் மனத்தைவிட்டுப் போகவில்லை.

மேல்தெரு. குளோரின்.

வருஷா வருஷம் சீசன் முடிந்ததும் ஹோட்டல் நீச்சல்குளத்தில் பாசி சாக மருந்தை அள்ளிக் கொட்டுவார்கள். நெடி அடங்கும்வரை தண்ணீரை நிற்க வைத்து, ஆந்த்ரியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் சாக்கடையில் திறந்துவிடுவார்கள். இந்த வருஷம் திருவிழா வேலை தலைக்கு மேல் இருந்தது. குளத்தைப் பார்த்துக்கொள்கிற போர்ச்சுகல்காரர் தயங்கினார்: "இன்னும் கண்ணு எரியுதே முதலாளி."

"யாரு குளிக்கப் போறா? திறந்துவிடுப்பா," என்று சொன்னது யார்?

அப்பாவின் மறுபாதி அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"...முதல் வாசல்லயே நின்னுடாதே."

"வேற யாராவது இருக்கீங்களா?" உர்சினா சம்பிரதாயத்துக்குக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தொடர்ந்தார். "சரி. தீர்மானத்துக்கு ஆதரவா இருக்கிறவங்க..."

கைகள் எழும்பத் தொடங்கின. முன்வரிசையில் ஒரு நாற்காலி இழுபட்டது.

"நீங்க எங்க கிளம்பிட்டீங்க?" என்றார் உர்சினா. "நீங்க ஆந்த்ரிக்கு உறவுகூட இல்லையே."

பால்ட்ஸர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய், ஆந்த்ரிக்குப் பக்கத்தில் நின்றார்.