பூ வைப்பதற்கு முன்னால்

இதில் பாதிக்கு மேல் நான் கண்ணால் பார்த்ததில்லை. அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கை செல்வகுமார் சொல்லிக் கேட்டது. மீதிக்கு நானே நேரில் போனேன்.

செல்வகுமாருக்குச் சொந்த ஊர் தென்காசிப் பக்கம். குடியிருப்பது வேளச்சேரி. வங்கிக் கடனில் பாரிவாக்கத்தில் ஒரு மனை வாங்கிப் போட்டிருக்கிறார். வருஷத்துக்கு ஒரு தடவை அதை எட்டிப் பார்த்தால் அதிகம்.

மழை விட்ட வாரத்தில் அவருக்கு ஒரு போன் வந்தது. மனைக்கு எதிர் வீட்டு ஹேமாவதி.

"சார், உங்க மனைக்கு அடுத்த வீட்டு உலகநாதன் தினம் உங்க இடத்துல இறங்கிச் சுத்தம் பண்றார். எல்லைக் கல்லுக்குச் சுண்ணாம்பு வேற அடிச்சிருக்கார். நாளைக்கு அங்கயே ஒரு வேல் நட்டுவெச்சா கோயில். அப்புறம் இடம் உங்களுக்கா, சாமிக்கா?"

செல்வகுமாருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே விடுப்பு போட்டுவிட்டு, பத்திர நகலோடு பாரிவாக்கம் போய் இறங்கினார்.

உலகநாதன் மனைக்குள்தான் இருந்தார். அண்ணனூர் ரயில் பணிமனையில் ஷிஃப்ட் வேலை, அதனால் பகலில் வீட்டில் இருப்பவர். மூக்கில் துண்டு, கையில் உறை. குனிந்து செடி பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"யாரைக் கேட்டு என் இடத்துல இறங்கினீங்க?"

"ஓ, நீதான் ஓனரா? வா சார். இத்தினி நாளா ஆளையே காணோமே."

"கல்லுக்கு எதுக்குச் சுண்ணாம்பு?"

"செடிக்குள்ள பொதைஞ்சி கெடந்துச்சு. கால்ல இடிச்சிகினேன். இடம் உன்னுதுன்னு ஊருக்குத் தெரியட்டுமேன்னு அடிச்சேன். அது ஒரு தப்பா?"

செல்வகுமார் நம்பவில்லை. போலீசுக்குப் போவேன் என்றார்.

"தாராளமா போ சார். அதுக்கு முன்னாடி இத்த ஒரு தபா பாத்துட்டுப் போ."

தன் வீட்டு வாசலுக்குக் கூட்டிப்போனார். குழாயடி ஈரத்தில் ஒரு செவலை நாய் படுத்திருந்தது. "வாடா நைனா" என்றதும் எழுந்து வந்து முன்காலைக் கொடுத்தது. அவர் விரல் இடுக்கைப் பிரித்துக் காட்டினார். பழைய புண் ஆறி, தோல் கறுத்திருந்தது. காது ஓரத்தில் இப்போதுதான் முடி முளைத்துக்கொண்டிருந்தது.

பிறகு அவர் பொறுமையாகச் சொன்னாராம். அவர் பிடுங்கியது பார்த்தீனியம். மழை முடிந்து அது பூ வைத்தால் போதும், இந்த நாய் பாதத்தை நக்கி, கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும். மூஞ்சியைச் சுவரில் தேய்க்கும். வயிறு சிவந்து தடித்துவிடும். எல்லோரும் சொறி என்றுதான் நினைத்தார்கள். வேப்பெண்ணெய்கூடப் பூசிப் பார்த்தாயிற்று, எரிச்சல்தான் மிச்சம். மாட்டுக்கு ஊசி போடப் போன இடத்தில் டாக்டரிடம் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. வருஷா வருஷம் அதே பருவத்தில் வந்து, பூ உதிர்ந்ததும் போய்விடுகிறதா? அப்படியானால் ஒவ்வாமையாக இருக்கலாம். வெளியே போய் வந்தால் பச்சைத் தண்ணீரில் காலைக் கழுவி, இடுக்கில் ஈரம் போகத் துடையுங்கள். மனுஷ மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள். குறையவில்லை என்றால் கூட்டி வாருங்கள் என்றாராம் டாக்டர்.

"கழுவி வுட்டா திரும்பவும் அந்தச் செடியிலயே போய்ப் புரளுது. அதான் சார், பூ வைக்கறதுக்கு முன்னாடி வேரோட புடுங்கறேன்."

"இதை யார்கிட்டயாவது சொல்லிட்டுச் செஞ்சிருக்கலாமே?"

"ஒரு தபா சொல்லப் போனேன். கோச்சிக்கினாங்க. அதான் சொல்றத வுட்டுட்டுப் புடுங்கறேன்."

செல்வகுமார் பத்திர நகலை மடித்துப் பைக்குள் வைத்தார். போன் செய்தது யார் என்று சொல்ல வாயெடுத்தார்.

"வேணாம் சார். தெரிஞ்சா நாளைக்கு மூஞ்ச பாத்துப் பேச முடியாது. நீ வேலி போட்டுக்கோ, பூட்டுப் போட்டுக்கோ. பூ வைக்கறதுக்கு முன்னாடி மட்டும் என்ன உள்ள வுடு, போதும்."

செல்வகுமார் என்னிடம் சொன்னது இத்தனைதான். ஆனாலும் அவருக்குக் கொஞ்சம் உறுத்தல். "நீ பூந்தமல்லிதானே, வேலி கீலி ஏதாவது முளைச்சிருக்கான்னு ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடு" என்றார்.

ஒரு சாயங்காலம் போனேன். மனை துப்புரவாக இருந்தது. வேலி இல்லை, வேல் இல்லை. உலகநாதன் வேலைக்குப் போயிருந்தார். அவர் மனைவி கன்னியம்மாள் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். உங்கள் நாய்க்கு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"எங்களுக்கு ஏது தம்பி நாயி?"

 நாயே இல்லை என்றால் உலகநாதன் சொன்ன மற்றதெல்லாம்?

அதற்குள் எதிர் வீட்டு வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஹேமாவதி வேலை முடிந்து வந்துவிட்டார். சத்தம் கேட்டதும் கன்னியம்மாளின் மாட்டுக் கொட்டகைக்குள்ளிருந்து ஒரு செவலை நாய் எழுந்து ஓடி, எதிர் வீட்டுக் கேட்டுக்கு அடியில் புகுந்தது.

நான் போய், நிலத்துக்காரரின் நண்பன் என்றேன். அந்த ஆள் மேல் ஒரு கண் வைத்திருப்பதாக ஹேமாவதி உறுதி சொன்னார். பிறகு நாயின் காலைத் தூக்கி எனக்குக் காட்டினார்.

"வருஷா வருஷம் இந்தச் சீசன்ல பாதமெல்லாம் ரத்தமா கடிச்சுக்கும் சார். இந்த வருஷம் ஷாம்பு மாத்தினேன், பாருங்க, ஒரு சிவப்பு இல்ல."

அந்த ஷாம்புவைப் பற்றிக் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கேட்டேன். நல்ல ஷாம்புதான், ஆனால் எதிர் மனை முழுக்கப் பார்த்தீனியம் பூத்து நின்றால் அது மட்டும் போதாது என்றார்.