மிஸ்டர் தாம்பரத்தின் கெண்டைக்கால்

துளசிங்கம் மாஸ்டர் இரண்டு கைகளையும் மடக்கிப் புஜத்தைக் காட்டி, வலது குதிகாலைத் தூக்கி நின்ற நொடியில் கெண்டைக்கால் சதை பிடித்துக்கொண்டது.

சாதாரணப் பிடிப்பு இல்லை. உள்ளே யாரோ ஈரத்துணி பிழிவதுபோல.

இரும்புலியூர் கல்யாண மண்டபம். 2004-ஆம் வருஷத்து ‘மிஸ்டர் தாம்பரம்’ போட்டியின் கடைசிச் சுற்று. பின்னால், காலையில் முடிந்த கல்யாணத்தின் தெர்மோகோல் எழுத்துகளில் ‘வெட்ஸ்’ மட்டும் மிச்சம்.

சதை வரி வரியாகத் தெரியவேண்டும் என்று மாஸ்டர் மூன்று நாளாக உப்பைத் தொடவில்லை. நேற்றிலிருந்து தண்ணீரும் இல்லை. வரி நன்றாகத்தான் தெரிந்தது.

தசைக்குள் நடப்பது அவருக்குத் தெரியாததல்ல. முடிச்சூரில் அவர் நடத்தும் ஜிம்மின் சுவரில் படமே மாட்டியிருக்கிறார். மெல்லிய இழை, தடித்த இழை. ஒன்று மற்றதைக் கொக்கி போட்டு இழுத்தால் சதை சுருங்கும். வருகிறவர்களை வரிசையில் நிற்கவைத்துத் தினமும் பிரசங்கம் செய்வார்: கொக்கி இழுப்பதற்கு மட்டுமில்லை, பிடித்ததை விடுவதற்கும் சக்தி வேண்டும், தின்ற சோறுதான் அந்தச் சக்தி.

சொல்லி முடிக்கும்போது தான் ஒரு ஞானி என்று அவருக்கே தோன்றும்.

இப்போது ஞானியின் காலில் அத்தனை கொக்கியும் பிடித்துக்கொண்டு நின்றன. பிடி என்ற உத்தரவு மட்டும் வந்துகொண்டே இருந்தது. விடு என்று அவர் மனசுக்குள் கெஞ்சிப் பார்த்தார். காலுக்குக் காது கேட்கவில்லை.

“ரிலாக்ஸ்” என்றார் நடுவர். மேடையிலிருந்த மற்ற இரண்டு போட்டியாளர்களும் கைகளைத் தொங்கவிட்டார்கள்.

மாஸ்டர் அசையவில்லை. அசைந்தால் விழுவார். விழுந்தால் கோப்பை போகும், மேடையில் விழுந்த மாஸ்டரிடம் எவனும் வரமாட்டான், அத்தோடு ஜிம்மும் போகும்.

பல்லைக் கடித்தார். முன்வரிசைக்கு அது புன்னகையாகத் தெரிந்தது. விசில் பறந்தது. நடுவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து, அசந்துபோய், எதையோ எழுதினார்கள்.

மூன்றாம் வரிசையில் அவர் மனைவி சரசு மட்டும் கைதட்டவில்லை. தாம்பரம் சானடோரியம் பகுதியில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் நாள் முழுக்க நின்றே துணி வெட்டுகிறவள். கால் இழுத்துக்கொண்டு கத்திய எத்தனையோ பெண்களைத் தரையில் உட்காரவைத்து, நீவி எழுப்பியிருக்கிறாள். புருஷனின் கால்விரல்கள் வெளுத்திருப்பது அங்கிருந்தே தெரிந்தது.

விறுவிறுவென்று மேடை ஏறினாள். அவர் காலடியில் முழங்காலிட்டாள். ஒரு கை குதிகாலைத் தரையோடு அழுத்தியது. மறுகை விரல்களை மேலே தள்ளியது.

“ஆடாம நில்லுயா. ஒரு சொட்டுத் தண்ணிகூட குடிக்கல, மூஞ்சிக்கு கப்பு ஒண்ணுதான் கொறச்சல்” என்றாள், உதடு அசையாமல்.

சிறப்பு விருந்தினர், வயலையெல்லாம் பிளாட் போட்டு விற்கும் ஐசக், மைக்கைப் பறித்தார்.

“இதுவல்லவோ தமிழ்ப் பண்பாடு! கட்டிய கணவன் காலிலே விழுகிறாளே, இவளல்லவோ பெண்! இன்னாபா உக்காந்துகினு கீறீங்க, எழுந்து கைத்தட்டுங்க!”

மண்டபமே எழுந்து நின்றது.

கொக்கிகள் ஒவ்வொன்றாக விட்டன. வலி இறங்க இறங்க மாஸ்டரின் கண்ணில் நீர் கட்டியது. அதற்கும் ஒரு விசில்.

சரசு எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு நகர்ந்தாள். வெற்றிக் கோப்பையோடு ஐசக் எதிரே வந்து நின்றார்.

மாஸ்டர் கோப்பைக்குக் கை நீட்டவில்லை. மடக்கியிருந்த கைகளை மெல்ல இறக்கி, நெஞ்சுக்கு நேரே கூப்பினார். கூப்பியது கூப்பியபடியே, ஐசக்கின் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஐசக் நெகிழ்ந்துபோனார். இத்தனை பணிவை அவர் எதிர்பார்க்கவில்லை. கோப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவரும் கைகூப்பினார்.

ஐசக்கின் முதுகுக்குப் பின்னால், மேடைப் படியிறங்கி, பந்திக் கூடத்துக்கு வேகமாகப் போய்க்கொண்டிருந்தாள் சரசு. ஒரு சொம்புத் தண்ணீருக்கும் ஒரு சிட்டிகை உப்புக்கும்.