வெடிக்காத தோட்டா

பெண் கேட்டு வருகிறவனைத் துப்பாக்கி சுடும் மைதானத்துக்கு அழைத்துப் போனால்தான் ஆளைத் தெரியும் என்பது நூர் முகம்மதுவின் கட்சி. கம்பத்து ரைபிள் கிளப்பில் சுடக் கற்றுக்கொடுப்பவர் அவர்தான்.

"உத்தமபாளையத்துப் பையன் எப்படிச் சுட்டான்?" என்றாள் மனைவி ரஹ்மத்.

"எங்க சுட? மொதத் தோட்டாவே வெடிக்கல. சுத்தி நின்னவுக சிரிச்சாக. பய அசையலையே! துப்பாக்கிய இலக்குப் பக்கமே நீட்டிக்கிட்டு அரை நிமிஷம் பொறுத்திருந்தான். தாமதிச்சு வெடிச்சாலும் வெடிக்கும்ல? அப்புறந்தான் தோட்டாவ வெளிய எடுத்து எங்கையில கொடுத்தான்."

"போன மாசம் வந்த போடிக்காரனுக்கும் வெடிக்கலைன்னுதானே சொன்னீக?"

"அந்த அவசரக்குடுக்கை உடனே துப்பாக்கியத் திருப்பி, குழலுக்குள்ள எட்டிப் பாத்தான். அவனுக்கா எம்மகளக் கொடுப்பேன்? இவனையே பேசி முடிச்சிருவோம்."

சொல்லும்போதே அவருக்குச் சந்தேகம் தட்டியது. வேறு யாருக்கும் மக்கர் பண்ணாத தோட்டா, மாப்பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் மக்கர் பண்ணுகிறது? சட்டைப் பையிலிருந்த அந்தத் தோட்டாவை எடுத்துப் புரட்டினார். அடியில் அரத்தால் போட்ட கீறல். அவரே போட்டது. புதியவர்களைப் பழக்க வீட்டு அலமாரியில் வைத்திருக்கும், மருந்தில்லாத தோட்டா!

"ஏ மதீனா! காலையில தோட்டாப் பைய அடுக்குனது நீதானே?"

மகள் தேநீரை அவர் கையில் கொடுத்தாள்.

"வெடிக்கிறப்ப ஆளு எப்படின்னு பாக்க நீங்க கூட்டிட்டுப் போனீக, அத்தா. வெடிக்காதப்ப எப்படின்னு காலம் பூரா பாக்கப் போறவ நான்ல?"