பத்து போதும்

"இவர மட்டும் தனியா பிரிச்சு, பெருசா போட்டுக் குடு நைனா. பக்கத்துல நான் வேணாம்."

மகளின் கல்யாண ஆல்பத்தில் புருஷன் கன்னியப்பனின் முகத்தைத் தொட்டுக் காட்டினாள் அங்கம்மா. அந்தக் கல்யாணத்துக்குப் படம் எடுத்தவன் பூந்தமல்லி ஸ்டூடியோக்காரன் டில்லிபாபுதான்.

"பிரிண்ட் ஒண்ணு நாப்பது ரூபாக்கா. சாஃப்ட் காப்பியா வாங்கிக்கினா ஐநூறு. அதுல எத்தினி வேணாலும் போட்டுக்கலாம்."

"அவ்ளோ எதுக்கு? பத்து பிரிண்ட் போதும்."

"பத்துக்கே நானூறு ஆவுதுக்கா. இன்னும் நூறுதான்."

"பத்துக்கு மேல தேவப்படாது நைனா."

நூறு ரூபாய்க்கு இத்தனை கஞ்சமா என்று டில்லிபாபுவுக்கு எரிச்சலாக வந்தது. "ஒண்ணுக்காவது ஃப்ரேம் போடவா?"

"ஃப்ரேம் பேச்சே எடுக்காத" என்று காதைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டு எதிரே மெட்ரோ தூணில் தன் பிரிண்டைப் பார்த்து, வண்டியை நிறுத்தினான். முகத்துக்கு மேலே கோணல் எழுத்தில் 'காணவில்லை'. கீழே, 'ஞாபக மறதி உள்ளவர். பேர் கேட்டால் சிரிப்பார்' என்று எழுதி, ஒரு போன் நம்பர். பத்து ஒட்டுவதற்குள் ஆள் கிடைத்துவிடுவான் என்று அவள் நம்பியது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

ஆறாம் நாள் அங்கம்மா மறுபடி வந்தாள். விரலெல்லாம் பசை காய்ந்திருந்தது. கசங்கிய ஐந்நூறு ரூபாய் நோட்டை மேஜையில் வைத்தாள்.

"அன்னிக்கு இன்னாவோ சொன்னியே நைனா, எத்தினி வேணாலும் போட்டுக்கலாம்னு. அத்தக் குடு."