ஜைத்தூன் கட்டை

"திருட்டுப் பய! இன்னிக்கு அவன் வூட்டுக்கே போய் நாலு பேரு முன்னாடி நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி கேட்டுட்டு வரேன்" என்று சட்டையை மாட்டினார் கவுஸ் பாஷா.

"ஏங்க, ஊரே கலவரத்துல கெடந்து இப்பதான் அடங்கியிருக்குது. ரெண்டு கட்டைக்காக வம்பு வளக்கணுமா?" என்றாள் ரஜியா.

"ரெண்டு கட்டையா? ஜைத்தூன் கட்டைடி அது! குரான்ல பேரு வர்ற மரம்!"

கள்ளக்குறிச்சியில் கவுஸ் பாஷாவுக்குக் கடைசல் பட்டறை. கட்டில் கால் கடைவது பிழைப்பு, மரத்தில் பேனா கடைவது பைத்தியம். அதே பைத்தியம் பிடித்த ஒருத்தர் இத்தாலியில் இருக்கிறார். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்ததில்லை. இவர் கல்வராயன் மலை அடிவாரத்துப் புளியங்கட்டையை, நல்லா வைரம் பாய்ஞ்சதாகப் பார்த்து, தபாலில் அனுப்புவார். அவர் அந்த ஊர் மரத்தை அனுப்புவார். காசு பணம் பேச்சே இல்லை, கட்டைக்குக் கட்டை.

இந்தத் தடவை ஜைத்தூன், அதான் ஆலிவ் மரம், வருகிறது என்று தெரிந்ததிலிருந்து மனுஷனுக்குத் தூக்கமில்லை. தபாலாபீசுக்கு நடந்து நடந்து செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். அந்த நேரம் பார்த்து இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம். எண்பத்தேழில் நடந்ததே, அதுதான். ரோட்டில் மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். பஸ் இல்லை, தபாலும் இல்லை.

போராட்டம் ஓயுமுன்னே ஒரு சாயங்காலம், தபால் மூட்டை தூக்கும் பகலவன் பார்சலோடு சைக்கிளில் பட்டறை வாசலில் வந்து நின்றான். தையல் பிரிந்து துணி கிழிந்து கிடந்தது. மேலே பத்து என்று போட்டிருந்தது. உள்ளே கைநீளக் கட்டை எட்டுதான் இருந்தது.

"மீதி ரெண்டு எங்கடா?"

"வழியில கிழிஞ்சிடுச்சு பாய்" என்று தரையைப் பார்த்து முனகிவிட்டுப் போனவன், மறுநாள் வேலைக்கே வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? கவுஸ் பாஷா முடிவே கட்டிவிட்டார். இத்தாலிக்காரருக்கு என்னவென்று பதில் எழுதுவது? எங்க ஊர் தபால்காரனே திருடிட்டான் என்றா? மானம் கப்பலேறிவிட்டதே!

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியவர் முதலில் தபாலாபீசுக்குப் போனார். புகாரைக் கேட்ட அதிகாரி தயங்கினார்.

"பாய், அவன் இன்னும் தற்காலிகம்தான். எழுத்துல குடுத்தீங்கன்னா வேலை போயிடும். யோசிச்சிக்கோங்க."

"திருடனுக்கு எதுக்கு சார் வேலை?" என்று கொடுத்துவிட்டு, பகலவன் வீட்டுக்கு நடந்தார்.

பகலவன் பாயில் குப்புறப் படுத்திருந்தான். முதுகில் ஈரத் துணி. இவரைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

'ஒரு மரியாதைக்குக்கூட எழுந்திரிக்க மாட்டானா!' கவுஸ் பாஷாவுக்குச் சுருக்கென்றது. அதற்குள் கண் மாடத்துக்குப் போனது. ரெண்டு ஜைத்தூன் கட்டையும் அங்கே இருந்தன.

"புடிச்சேன் பாத்தியா! எல்லாரும் வாங்கய்யா, வந்து பாருங்க!"

தெருவே வாசலில் கூடிவிட்டது. பகலவன் மனைவி எழில்மதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"திருடல பாய்" என்றான் பகலவன். "ஒடஞ்சிடுச்சு. அவ்ளோ தூரத்துல இருந்து வந்த பொருள ஒடச்சி எப்படிக் குடுக்கறதுன்னு வெக்கமா பூடுச்சு. கோந்து வெச்சி ஒட்டியிருக்கேன். காஞ்சதும் எடுத்தாந்து குடுக்கலாம்னு இருந்தேன்."

கவுஸ் பாஷா கட்டையை எடுத்துப் பார்த்தார். ஆமாம், ரெண்டுமே நடுவில் ஒடிந்திருந்தன. பிளவில் கோந்து வழிய, மேலே வரிந்து வரிந்து நூல் சுற்றியிருந்தது.

"அட கூறுகெட்டவனே! பேனா கடையறதுக்கு நானே இத விரல் நீளத்துக்குத் துண்டு போடணும்டா. ஒடஞ்சா இன்னா? அப்பவே குடுத்திருக்கலாம்ல?"

"எனக்கு அது தெரியாது பாய்." பகலவன் தலையை மட்டும் தூக்கினான். "தபாலாபீசுல மட்டும் சொல்லிடாதீங்க. வேல பூடும்."

கவுஸ் பாஷா கட்டையை மாடத்திலேயே திரும்ப வைத்தார். வாசலில் நின்ற முகங்களைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. என்ன காரியம் பண்ணிவிட்டோம்! புகாரைத் திரும்ப வாங்கிவிட வேண்டும், இப்பவே ஓட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் வெறுங்கையோடு தோற்றுப் போக வீம்பு விடவில்லை.

"அதுக்குன்னு... கட்டை ஒடையற அளவுக்கா சைக்கிள்ல இருந்து வுழுவ? பாத்து வரக் கூடாதா?"

"ஆமா பாய். வுழுந்துட்டேன்" என்றான் பகலவன் அவசரமாக.

"இன்னும் எத்தினி பேருகிட்ட இதையே சொல்லப் போறீங்க?" என்று எழில்மதி வெடித்தாள். "பாய், தபாலெல்லாம் உளுந்தூர்பேட்டையில மாட்டிக்கினு கெடக்குது, நீங்க தெனம் வந்து ஏங்கிக்கினு போறீங்களேன்னு இவுராதான் சைக்கிள எடுத்துக்கினு போனாரு. வெட்டிப் போட்ட மரத்துக்கு மேலெல்லாம் சைக்கிளத் தூக்கிக்கினு வந்துகினு இருந்தாரு. வழியில போலீசு மடக்கிப் பார்சலக் கிழிச்சிப் பாத்தாங்க. உள்ள கட்டை கட்டையா இருந்தா இன்னா நெனப்பாங்க? கலவரம் பண்ணத்தான் எடுத்துக்கினு போறான்னு நெனச்சிட்டாங்க. 'போட்டுட்டு ஓடுடா'ன்னாங்களாம். 'இது பாயோடது'ன்னு இவுரு கட்டிப் புடிச்சிக்கினு வுடல."

குனிந்து, புருஷன் முதுகிலிருந்த ஈரத் துணியை மெல்ல எடுத்தாள்.

"வுழுந்து ஒடையல பாய். அந்த ரெண்டையும் இவுரு முதுகுலதான் ஒடச்சாங்க."