மூலைக்கு ஒரு வழி

இந்த மாதம் ஒரு கிச்சனாவது விற்காவிட்டால் வேலை கிடையாது என்று முதலாளி சொல்லியிருந்தார். அதனால், மாடுலர் கிச்சன் கடைக்குள் சண்டை போட்டபடி நுழைந்த ஜோடியைப் பார்த்ததும் விற்பனையாளருக்கு உயிர் வந்தது. சண்டை போடுகிறவர்கள்தான் வாங்குவார்கள் என்பது அவர் அனுபவம்.

"மூலை அலமாரிக்குச் சுத்துற தட்டுதான் சரி. ஒரு தள்ளு தள்ளினா உள்ள இருக்கிறது முன்னாடி வந்துடும்," என்றான் அவன்.

"தட்டு வட்டம், மூலை சதுரம். ஓரமெல்லாம் வீணாப் போகும். இழுக்கிற ரேக்தான் வேணும்," என்றாள் அவள்.

"இழுத்ததை யாரு உள்ள தள்றது? முட்டியில இடிச்சுக்கப் போறது நான்தாங்க."

"திறந்ததை மூடற பழக்கமே கிடையாதா உங்களுக்கு?"

"இருந்தா இவ்வளவு நேரம் பேசுவேனா?"

கோபத்திலும் மனைவியை 'வாங்க, போங்க' என்கிற கணவனா! விற்பனையாளர் உருகிப்போனார்.

"ரெண்டுல எதுன்னாலும் அருமையா இருக்கும். வீட்டு விலாசம் சொல்லுங்க சார், நாளைக்கே அளவெடுக்க ஆள் அனுப்பறேன்."

அவன் தலையைச் சொறிந்தான். "வீடே இன்னும் பார்க்கலைங்க. நாங்க ரெண்டு பேரும் சந்திச்சதே இன்னைக்குக் காலையிலதான். கல்யாணத்துக்கு முன்னாடி பேசிப் பாருங்கன்னு பெரியவங்க அனுப்பினாங்க. ஹோட்டல்ல உட்கார்ந்தா நல்லவங்களா நடிச்சுடுவோம். அதான், சண்டை வர்ற இடமாப் பார்த்து வந்தோம்."

"எனக்குச் சம்மதம்," என்றாள் அவள் அவனிடம். "ஆனா மூலைக்கு ரேக்தான்."

விற்பனையாளர் சுவரில் தொங்கிய காலண்டரை ஏக்கத்தோடு பார்த்தார்.

"கல்யாணத்தை இந்த மாசத்துக்குள்ளயே வெச்சுக்க முடியுமா மேடம்?"